கறையான் வைத்த தோட்டம்

திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயில் மூலவரை வருடம் முழுவதும் கவசத்தோடுதான் பார்க்க முடியும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசத்தைக் கழற்றிப் புனுகு, ஜவ்வாது, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். டோல்கேட், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து ஜனமெல்லாம் அந்த நாட்களில் வரிசையில் நிற்கும். மற்றச் சிவன் கோயில்களில் நடப்பதுபோலக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற இங்கே வழியில்லை. ஆதிபுரீசுவரரின் திருமேனி புற்று மண்ணால் ஆனது என்பது ஐதிகம். புற்றிடங்கொண்டார் என்றே அவருக்கு ஒரு பெயர். திருவாரூரிலும் மூலவர் புற்றில் தோன்றியவர்தான்; வன்மீகநாதர் என்பார்கள்.

ஒற்றியூர்ச் சுவாமியைப் படம்பக்கநாதர் என்றும் சொல்வதுண்டு. படமெடுக்கும் பாம்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டவர். புற்று என்றாலே நம் மக்களுக்குப் பாம்புதான். தெருமுனையில் இரண்டடி உயரத்துக்கு ஒரு புற்று எழும்பிவிட்டால் மஞ்சளும் குங்குமமும் ஏறிவிடும். ஆடி மாதத்தில் முட்டையும் பாலும் வரும். ஆனால் பாம்புக்கு மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பத் தெரியாது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையைப் பழமொழியாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். படையல் மட்டும் ஆக்கிரமித்தவருக்கே போகிறது.

கட்டியவருக்கு அதில் குறையொன்றும் இல்லை. அதன் சாப்பாடு வேறு. வெளியே தெரிகிற மண் கோபுரம் கறையானின் வீட்டில் ஒரு பகுதிதான். ராஜா, ராணி, குஞ்சுகள், சேமிப்பு எல்லாம் தரைமட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கின்றன. அங்கே நடப்பது விவசாயம். விதைப்பு, உரம், களையெடுப்பு, அறுவடை என்று எதுவும் பாக்கியில்லை. பயிர், ஒரு வகைப் பூஞ்சை.

விவசாயம் செய்யும் பூச்சி என்றால் உலகம் முதலில் சொல்வது இலைவெட்டி எறும்பைத்தான். அமெரிக்கக் கண்டங்களில் வடக்கே டெக்சாஸ் முதல் தெற்கே அர்ஜென்டினா வரை மட்டும் வாழ்கிற எறும்பு அது. அட்டா, அக்ரோமிர்மெக்ஸ் இரண்டும் அதன் முக்கியப் பேரினங்கள். நம் பக்கத்தில் கிடையாது. மரத்தில் ஏறி, தாடையால் இலையை அரைவட்டமாக நறுக்கி, துண்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி சாரை சாரையாகப் புற்றுக்குத் திரும்பும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை இலைத் துண்டுகள் தாமாகவே தரையில் ஊர்ந்து போவதாகத் தோன்றும். ஒரு பெரிய அட்டா புற்றில் பல லட்சம் எறும்புகள் இருக்கலாம். ஒரு எலுமிச்சை மரத்தை ஓரிரவில் மொட்டையடித்துவிடும் என்று பிரேசில் விவசாயி தலையில் கைவைப்பது இதனால்தான்.

இவ்வளவு இலையை அது என்ன செய்கிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. தின்கிறது என்றார்கள் சிலர். கூரை வேய்கிறது என்றார்கள் சிலர். நிகரகுவாவில் தங்கச் சுரங்கம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளப் போன தாமஸ் பெல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தன் தோட்டத்தைக் காலி செய்த எறும்புகளின் மேல் எரிச்சல்பட்டுப் புற்றுகளை வெட்டிப் பார்த்தார். உள்ளே இலை இல்லை. பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரியான ஒரு பொருள், அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை. இலையை எறும்பு தின்பதில்லை, அதை உரமாக்கிப் பூஞ்சை வளர்த்து அதைத் தின்கிறது என்று 1874இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். கொஞ்ச காலம் யாரும் நம்பவில்லை. 1893இல் ஆல்ஃபிரெட் மோலர் என்ற ஜெர்மானியர் பிரேசிலில் ஆராய்ந்து அதை உறுதிசெய்தார்.

அந்தத் தோட்டத்தின் நடைமுறை நுணுக்கமானது. வெளியிலிருந்து வந்த துண்டை உள்ளே இருக்கும் சின்ன எறும்புகள் இன்னும் சின்னதாக நறுக்கி, மென்று கூழாக்கி, தங்கள் கழிவுத் துளியை அதன்மேல் விட்டு, பழைய தோட்டத்திலிருந்து ஒரு பூஞ்சை இழையைப் பிடுங்கி நடும். பூஞ்சை வளர்ந்ததும் இழை நுனிகளில் குமிழ்கள் திரளும். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த அந்தக் குமிழ்கள்தான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. பெரிய எறும்புகள் இலை நறுக்கும்போது ஊறும் சாற்றையும் குடித்துக்கொள்ளும். இலை சுமக்கும் எறும்பின் தலையில் முட்டையிடவென்றே ஒரு வகைச் சின்ன ஈ சுற்றிவரும். அதை விரட்ட, சுமையின்மேலேயே ஒரு குட்டி எறும்பு ஏறி உட்கார்ந்து வருவதும் உண்டு.

அக்ரோமிர்மெக்ஸ் எறும்பின் மார்பில் மாவு அப்பினாற்போல ஒரு வெள்ளைப் படலம் தெரியும். அது அழுக்கு இல்லை, ஒரு வகை பாக்டீரியா என்று கேமரன் கரி என்பவரும் கூட்டாளிகளும் 1999இல் காட்டினார்கள். தோட்டத்தை நாசமாக்கும் எஸ்கோவாப்சிஸ் என்ற இன்னொரு பூஞ்சையை அடக்கும் மருந்து அந்த பாக்டீரியாவிலிருந்து கிடைக்கிறது. பயிர் முகம் சுளித்தாலும் எறும்புக்குத் தெரிந்துவிடுகிறது. பூஞ்சைக்கொல்லி கலந்த இரையை ஆய்வாளர்கள் வைத்துப் பார்த்தார்கள். எறும்புக்கு அது ஒன்றும் செய்யாது என்பதால் முதலில் தாராளமாக எடுத்துப் போனது. உள்ளே பயிர் வாடியது. அதன்பின் அந்தப் பொருளைக் கண்ணெதிரே வைத்தாலும் சீண்டவில்லை.

எறும்புகள் பூஞ்சை வளர்க்கத் தொடங்கி ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று 2024இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு சொல்கிறது. டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த காலம் அது. வெயில் மறைந்து செடிகொடிகள் செத்து அழுகிய பூமியில் பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மனிதர் கோதுமையும் நெல்லும் பயிரிடத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

அதே தொழிலை அதே மாதிரி, ஆனால் எறும்போடு ஒட்டுறவே இல்லாமல், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் செய்துவருகிறது கறையான். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியதாகக் கணக்கிடுகிறார்கள். எறும்பு, குளவிக்கும் தேனீக்கும் சொந்தம். கறையான், கரப்பான்பூச்சிக்குச் சொந்தம். சொந்தமில்லை என்பதோடு நிற்கவில்லை, கறையானின் முதல் எதிரியே எறும்புதான். புற்றில் ஓட்டை விழுந்தால் முதலில் உள்ளே நுழைவது அதுதான். இரண்டும் தனித்தனியாக ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் பூஞ்சை வளர்க்கும் கறையான் இல்லை. ஆசியாவில் பூஞ்சை வளர்க்கும் எறும்பு இல்லை.

உலகத்தில் சுமார் 3,000 வகைக் கறையான்கள் உண்டு. அவற்றில் 300க்குச் சற்று மேல்தான் விவசாயிகள். தமிழ்நாட்டுச் செம்மண் காட்டில் ஆளுயரத்துக்குப் புற்றெழுப்புகிற ஒடோன்டோடெர்மெஸ் ஒபீசஸ் அவற்றுள் ஒன்று. அது வளர்க்கும் பூஞ்சைக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர்.

இலைவெட்டி எறும்புக்குப் பச்சை இலை வேண்டும். கறையானுக்குக் காய்ந்தது போதும். வைக்கோல், சருகு, சாணம், பட்ட மரம், போட்டுவைத்த சட்டம், பீரோவின் அடியில் மறந்துபோன பத்திரம். இவற்றில் இருக்கும் செல்லுலோசையும் அதைவிடக் கெட்டியான லிக்னினையும் செரிப்பது எந்தப் பிராணிக்கும் லேசான காரியம் இல்லை. மற்றக் கறையான்களில் பல, வயிற்றுக்குள் வாழும் ஒருசெல் உயிரிகளை வைத்து அதைச் சமாளிக்கின்றன. விவசாயிக் கறையானின் வயிற்றில் அவை கிடையாது. வயிற்றின் வேலையில் பாதியை வெளியே தோட்டத்துக்கு மாற்றிவிட்டது.

நடப்பது இப்படி. மூத்த வேலையாட்கள் வெளியிலிருந்து தீனி கொண்டுவருகின்றன. புற்றுக்குள் இருக்கும் இளம் வேலையாட்கள் அதைத் தின்று, அரைகுறையாகச் செரித்து, சீக்கிரமே கழிவாக வெளியேற்றுகின்றன. அந்தக் கழிவில் பூஞ்சையின் விதைத்துகளும் கலந்திருக்கும், ஏனென்றால் அவை முன்பே பூஞ்சையின் வெள்ளை மணிகளைத் தின்றிருக்கின்றன. தின்பதும் விதைப்பதும் ஒரே செயலில் முடிந்துவிடுகிறது. இந்தக் கழிவை உருண்டை உருண்டையாக அடுக்கிக் கடற்பஞ்சைப் போல மடிப்பு மடிப்பான தட்டுகளாக ஆக்குகின்றன. புதுச் சரக்கு மேலே சேரும். பூஞ்சை இழை உள்ளே ஓடி லிக்னினை உடைக்கும். சில நாளில் தட்டின்மேல் குண்டூசித் தலையளவு வெள்ளை மணிகள் முளைக்கும், அது இளையவர்களுக்கு. ஆறேழு வாரத்தில் தட்டு நன்றாகப் பக்குவப்பட்டு மென்மையாகிவிடும். அடியிலிருந்து அதைத் தின்று தீர்ப்பது மூத்தவர்கள். மேலே கூடிக்கொண்டும் கீழே குறைந்துகொண்டும் தட்டு எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். கடைசியில் கழிவென்று மிஞ்சுவது மிகக் குறைவு.

சிதம்பரத்தில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகளைப் புற்று மூடிக் கிடந்ததாகவும், ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து மிஞ்சியதை மீட்டதாகவும் ஒரு மரபுக்கதை உண்டு. கதையில் வருவது புற்றெடுக்கும் கறையான் என்பதைக் கவனித்தால், போன பாடல்கள் கறையானின் வயிற்றுக்கு நேராகப் போயிருக்காது என்று சொல்லத் தோன்றுகிறது. பனையோலை முதலில் எருவாகியிருக்கும், பிறகு பூஞ்சையாகியிருக்கும், அதன்பிறகே சாப்பாடு. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் ஒற்றியூரைப் பாடியவை தப்பிப் பிழைத்த பங்கில் இருப்பதை ஒற்றியூர்க்காரர்கள் பெருமையாகவே வைத்துக்கொள்ளலாம்.

பெல்ட் நிகரகுவாவில் எறும்புப் புற்றை வெட்டியதற்குக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, தமிழ்நாட்டில் ஒருவர் கறையான் புற்றை வெட்டிப் பார்த்து எழுதிவைத்திருந்தார். யோகான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸிடம் படித்தவர். 1760களின் கடைசியில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் வேலை பார்த்தார், அதன்பின் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரானார். தஞ்சைச் சீமைக் கறையான்களைப் பற்றி அவர் எழுதிய ஜெர்மன் கட்டுரை 1779இல் பெர்லினில் வெளிவந்தது. புற்றுக்குள் இருக்கும் தட்டுகளையும் அவற்றின்மேல் வளரும் பூஞ்சையையும் பதிவுசெய்த மிகப் பழைய அறிவியல் குறிப்புகளில் ஒன்று அது. பூச்சியுலகின் விவசாயம் முதலில் ஏடேறிய இடங்களில் காவிரிக் கரையும் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது. ஆனாலும் இயற்கை வரலாற்று நூல்களில் பெல்டுக்குக் கிடைத்த இடம் கோனிகுக்குக் கிடைக்கவில்லை. இது கொஞ்சம் அநியாயம்தான்.

கோனிக் கட்டுரையில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஹென்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர் 1781இல் ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி எழுதும்போது அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஈசல் கிளம்புவதற்கு முன்பே இங்குள்ள மக்கள் அதைப் பிடிக்கும் முறை அது. புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை. எதிர்ப்பக்கத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துவார்கள். பானையின் உட்புறம் ஒரு வாசனைத் தழையைத் தேய்த்திருப்பார்கள். காற்று வரும் பக்கத்தில் நாற்றமெடுக்கும் பொருட்களைப் போட்டுப் புகை மூட்டினால் ஈசலெல்லாம் பானைக்குள் வந்து விழும். சிலசமயம் நல்லபாம்பும் விழும், அதனால் பானையை எடுக்கும்போது ஜாக்கிரதை வேண்டும். பிடித்ததை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பார்களாம். அளவுக்கு மிஞ்சித் தின்றால் வயிற்றுக் கடுப்பு வரும் என்றும் கோனிக் எச்சரிக்கிறார். பானையில் தேய்த்த தழை, கறிவேப்பிலை. அந்தச் செடியின் அறிவியல் பெயரில் ஒட்டியிருக்கும் ‘கோனிகி’ என்பது இவர் பெயர்தான்.

மண் கோபுரத்துக்கு வருவோம். தோட்டத்தில் பூஞ்சை மூச்சு விடுகிறது, லட்சக்கணக்கான கறையான்களும் மூச்சு விடுகின்றன. சன்னல் இல்லாத வீட்டில் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போனால் எல்லாம் செத்துவிடும். வாசல் திறந்துவைத்தால் எறும்பு வந்துவிடும், ஈரமும் போய்விடும். கறையானுக்கு மெல்லிய தோல்; வறண்ட காற்றில் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. சுவரிலும் மரத்திலும் அது மண் குழாய் போட்டுக்கொண்டு நடப்பதும் இதற்காகத்தான்.

சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ ஆகியோரும் தென்னிந்தியாவில் ஒபீசஸ் புற்றுகளுக்குள் நுண்ணிய கருவிகளைச் செருகிக் காற்றோட்டத்தை அளந்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. புற்றின் நடுவே ஒரு பெரிய புகைபோக்கி. அதைச் சுற்றி வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் மெல்லிய மடிப்புகள். பகலில் வெயில் பட்டு மடிப்புகள் சீக்கிரம் சூடாகின்றன, அங்கே காற்று மேலே ஏறுகிறது, நடுக்குழலில் கீழே இறங்குகிறது. இரவில் மடிப்புகள் சீக்கிரம் குளிர்ந்துவிடுகின்றன, நடுப்பகுதியில் சூடு தங்கிவிடுகிறது, சுழற்சி தலைகீழாகிறது. பகலெல்லாம் சேர்ந்த கரியமில வாயு இரவில் மேலே வந்து, சுவரின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளியேறுகிறது. மின்விசிறி இல்லை, வாசலும் இல்லை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் முதலீடு.

அந்தச் சுவர் மழைக்குக் கரையாமல் பல வருடம் நிற்பதும் தற்செயல் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரெனே போர்ஜஸ் குழுவும் கட்டடப் பொறியாளர்களும் சேர்ந்து புற்று மண்ணைச் சோதித்தார்கள். கறையான் எச்சிலோடு பிசைந்து உருண்டை பிடித்து ஒட்டிய மண், அதே இடத்துச் சாதாரண மண்ணைவிடப் பல மடங்கு உறுதியாக இருந்தது. கிராமத்தில் அடுப்புக் கட்டவும் தரை மெழுகவும் புற்று மண்ணைத் தேடிப்போனவர்களுக்கு இந்தச் சோதனை தேவைப்பட்டிருக்காது.

அதே குழு 2017இல் களை விஷயத்தையும் கிளறியது. தட்டுகளில் ஸ்யூடோசைலேரியா என்ற வேண்டாத பூஞ்சை எப்போதும் ஒளிந்திருக்கும். கறையான் இருக்கும்வரை தலைதூக்காது. தட்டைக் கறையானிடமிருந்து பிரித்து வைத்தால் சில நாளில் பயிரையே மூடிவிடும். ஆய்வுக்கூடத்தில் பயிர்ப் பூஞ்சையையும் களைப் பூஞ்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கறையானை விட்டார்கள். களையைத் தேடிப்போய் மண்ணால் மூடிப் புதைத்தன. இருட்டில் கண் இல்லாத வேலையாட்கள் எப்படிக் கண்டுபிடித்தன என்றால், வாசனையை வைத்துத்தான். இரண்டு பூஞ்சைகளின் வாசனைகளும் வேறு வேறு.

இத்தனை வேலைக்கும் நடுவில் ராணியின் அறை. கெட்டியான மண் சுவருக்குள், விரல் நீளத்துக்கு உப்பிப்போன வயிற்றோடு, நகரக்கூட முடியாமல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில். பக்கத்திலேயே ராஜா. எறும்புக் குலத்தில் ஆண் ஒருமுறை சேர்ந்ததும் செத்துவிடும். கறையான் ராஜா கடைசிவரை கூடவே இருக்கும். வேலையாட்களிலும் எறும்பைப்போல எல்லாம் பெண் என்பதில்லை, இருபாலும் கலந்ததுதான் கறையான் குடும்பம்.

மழை விட்ட மாலையில் தெருவிளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசல் இந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை. புதுப் புற்றுக்கான ராஜா, ராணிகள். கொஞ்ச நேரப் பறத்தல், சிறகு உதிர்ப்பு, ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் இறங்குதல். காக்கை, பல்லி, தவளை, எறும்பு, மனிதன் என்று இத்தனை பேர் வாயில் விழாமல் மண்ணுக்குள் போய்ச் சேர்வது மிகச் சிலவே. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கு ஈசல் நல்ல உணவு. விளக்கு வைத்துப் பிடித்து, சிறகை நீக்கி, வறுத்துப் பொரியோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். தென்மாவட்டங்களிலும் ஈசலும் பொரியரிசியும் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

புதுக் குடித்தனத்துக்கு விதைப்பூஞ்சை எங்கிருந்து வரும்? இலைவெட்டி ராணி இதில் முன்யோசனைக்காரி. பறக்கும் முன்பே தாய்ப்புற்றின் பூஞ்சையில் ஒரு துணுக்கை வாய்க்குள் இருக்கும் ஒரு பையில் அடக்கிக்கொண்டு கிளம்பும். பெரும்பாலான விவசாயிக் கறையான்களோ வெறும் கையோடு போகின்றன. சேமித்த கொழுப்பையும் இனித் தேவைப்படாத சிறகுத் தசையையும் கரைத்து முதல் குஞ்சுகளை வளர்க்கின்றன. அந்தக் குஞ்சுகள் வேலையாட்களாகி முதன்முறை வெளியே இரை தேடப் போகும்போதுதான் விதை கிடைக்கிறது. அந்தக் காலத்தை ஒட்டியே பழைய புற்றுகளின் மேல் காளான் குடை விரித்து விதைத்துகளைத் தூவியிருக்கும். பலவகைத் துகள்கள் உள்ளே வந்தாலும் காலப்போக்கில் ஒரே ரகம்தான் புற்று முழுவதும் நிலைக்கிறது. ஒரு புற்று, ஒரு ரகம்.

புற்றின் மேல் குடை விரிக்கும் அந்தக் காளான்தான் நாம் சமைத்துச் சாப்பிடும் புற்றுக்காளான். தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு, கீழே இருக்கும் தட்டு வரைக்கும் போகும். ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் இதே பேரினத்தில் ஒன்று ஒரு மீட்டர் அகலக் குடை விரிக்கிறது. சிப்பிக்காளானையும் பால்காளானையும் வைக்கோல் பையில் வளர்க்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. புற்றுக்காளானை மட்டும் கறையான் இல்லாமல் வியாபார அளவில் விளைவிக்க யாராலும் முடியவில்லை. இழை வரைக்கும் ஆய்வுக்கூடத்தில் வளர்கிறது, குடை விரிக்க மறுக்கிறது. மழைக்காலத்தில் சந்தைக்கு வருவதெல்லாம் காட்டிலும் வரப்பிலும் பொறுக்கியதுதான். பார்வைக்கு இதைப்போலவே இருக்கும் விஷக்காளான்களும் அதே மழையில் முளைக்கும் என்பதால், பழகாதவர்கள் பறிக்கப் போகாமலிருப்பதே நல்லது.

டோல்கேட் பக்கம் புற்றை எண்ணினால் கை விரல்கள் மிச்சமாகும். கான்கிரீட்டும் தாரும் லாரி நிறுத்தமும் கன்டெய்னர் யார்டும் போக மிச்சமுள்ள மண் குறைவு. ஆனால் புற்று தெரியவில்லை என்றால் கறையான் இல்லை என்று அர்த்தமில்லை. நிலைக்கதவின் அடியில் ஈரமண் கோடு ஏறியிருந்தால், ‘செல்லு பிடிச்சிருக்கு’ என்று தச்சர் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார். மண்ணெண்ணெய் தெளிப்பார்கள், ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் கழிவு ஆயிலைச் சட்டத்தின் அடியில் பூசுவார்கள். கோட்டைத் துடைத்துவிட்டால் போய்விட்டதென்று நினைப்பது தப்பு. அங்கே வந்தது சரக்கு ஏற்ற வந்த ஆட்கள் மட்டும். தோட்டமும் ராணியும் பல அடி தள்ளி, அடுத்த வீட்டு அஸ்திவாரத்துக்குக் கீழேகூட இருக்கலாம். வீடு கட்டும்போதே அஸ்திவார மண்ணுக்கு மருந்து விட வேண்டும் என்று இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 6313 விதி சொல்வதற்குக் காரணம் இதுதான். கட்டிய வீட்டில் தரையோரம் வரிசையாகத் துளைபோட்டு மருந்து இறக்குவது இரண்டாவது வழி.

வீட்டுக்குள் வருகிற கறையான் எல்லாமே விவசாயி என்றும் சொல்ல முடியாது. மண்ணோடு சம்பந்தமே இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும் உலர்மரக் கறையானும் உண்டு. கட்டிலின் கீழே கசகசா அளவில் உருண்டைகள் கொட்டிக் கிடந்தால் அதுதான். மரத்தோடு மரமாகக் கப்பலேறிக் கண்டம் தாண்டுவதில் இது கெட்டிக்காரன். ராயபுரம் துறைமுக வாசலில் அடுக்கியிருக்கும் மரப்பலகைத் தட்டுகளில் கதிர் மாதிரி ஒரு முத்திரை குத்தியிருப்பதைப் பார்க்கலாம். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடு ஏறி அரை மணி நேரம் நிற்கும்படி வாட்டியதற்கு, அல்லது மருந்துப் புகை போட்டதற்கு, அடையாளம் அது. மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமலிருக்க உலக நாடுகள் சேர்ந்து 2002இல் கொண்டுவந்த ஏற்பாடு.

நகரத்தில் இப்படிக் காசு கொடுத்து விரட்டும் கறையானைக் கொஞ்சம் மேற்கே போனால் விரும்பி வரவழைக்கிறார்கள். நாட்டுக்கோழி வளர்ப்பவர்களின் பழைய உத்தி அது. ஒரு பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். தோட்டத்துக்கு எரு தேடி இரவில் கிளம்பிய வேலையாட்கள் பானைக்குள் ஏறிவிடும். வெயில் ஏறும் முன் பானையைத் தூக்கித் தட்டினால் கோழிக்குஞ்சுகள் ஓடிவந்து கொத்தும். புரதத்துக்குப் புரதம், செலவும் இல்லை. மருந்து அடித்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் பானையை வைக்கக் கூடாது என்பார்கள்.